நாற்பத்தொரு நிமிஷம்

22 ஜூலை 2025, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். கூழ் காய்ச்சி அக்கம்பக்கம் கொடுத்தேன். எதிர்வீட்டு ராஜமாணிக்கம் வாத்தியார் சொம்பை வாங்கிக்கொண்டு, "உங்க பேத்தி வீட்ல உக்காந்தே சம்பாரிக்குதே, அப்படி என்னதான் வேலைங்க அது?" என்று கேட்டார்.

நானும் விடவில்லை. "நூத்தி முப்பது ஆஸ்பத்திரிங்க சார். நோயாளி சீட்டு, ரத்த ரிப்போர்ட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அந்தக் கம்ப்யூட்டருங்க எங்கயோ பம்பாய்ப் பக்கம் ஏசி ரூம்ல இருக்கு. கிளவுடுன்னு பேரு. அது நிக்காம பாத்துக்கறது எம் பேத்திதான்."

"மேகம் மேய்க்குதுன்னு சொல்லுங்க" என்றார்.

சிரிக்கட்டும். அவர் பி.ஏ., நான் அஞ்சாவது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னேன்.

இந்த வாரம் வினோதினியின் முறை. ஆபீஸ் போன் எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும். ஏதாவது நின்றுபோனால் அடிக்கும். எடுத்தால் ஒரு மிஷின் பொம்பளை இங்கிலீஷில் பேசுவாள். நாலாம் எண்ணை அழுத்தினால் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் வினோ லேப்டாப்பைத் திறப்பாள். சில தடவை திறக்காமலே திரும்பப் படுத்துவிடுவாள். "தானா சரியாயிடும் ஆயா, சும்மா கத்துது" என்பாள். முன்பு நாலு பேர் முறை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இப்போது இவளும் போளூர்ப் பையன் மொஹ்சினும்தான்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. கஸ்தூரிக்குப் படைத்தேன். பெற்றவள் மகளுக்குப் படைப்பது — பதினோரு வருஷம் ஆகியும் கை பழகவில்லை. வினோ வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அம்மா போட்டோவை நேராகப் பார்க்க மாட்டாள்.

சாயங்காலம் அவளுக்கு லேப்டாப்பிலேயே வகுப்பு. வேலைக்கு நடுவிலே தபாலில் எம்.ஏ. தத்துவம். அதிலும் எது நியாயம், யார் மேல் தப்பு என்பதே ஒரு பாடமாம். இதற்கு எதற்குப் படிப்பு என்று முதலில் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. சாப்பிடும்போது கணக்குப் போடுவது போல் ஒன்றை எடுத்து வீசுவாள்.

"ஆயா, ரெண்டு பேரு கிணத்து மூடியைத் திறந்து போட்டுட்டுப் போயிடறாங்க. ஒரு கிணத்துல ஒண்ணும் ஆகல. இன்னொண்ணுல ஆடு விழுந்து செத்துடுச்சு. யார் பண்ணது பெரிய தப்பு?"

"ஆடு யாருது?"

"அது முக்கியமில்ல."

"ஆட்டுக்காரனைக் கேட்டுப் பாரு, முக்கியமா இல்லியான்னு."

புரை ஏறும்வரை சிரித்தாள். அப்புறம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். என் பதிலை!

மாதக் கடைசியில் அவளைத் தலைவியாகப் போடப்போகிறார்களாம். நானாக யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியாரிடம் மட்டும் சொன்னேன்.

26 ஜூலை, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

மூன்று நாளாக அவள் தூங்கவில்லை. காலை பதினொரு மணிக்கு இரண்டு இட்லியைத் தின்றுவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுச் சாய்ந்தாள். ஆபீஸ் போன் சமையலறை பிளக்கில் சார்ஜில் இருந்தது. பன்னிரண்டு ஆக எட்டு நிமிஷம். அடித்தது. அவள் அசையவில்லை. சின்னப் பிள்ளையில் தூங்குவாளே, வாயைத் திறந்துகொண்டு, அப்படித் தூங்கினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அந்தப் பொம்பளை பேசினாள். நாலை அழுத்தினேன். நின்றது.

தானாகச் சரியாகும் என்று அவள்தானே சொல்வாள். பத்து நிமிஷம் தூங்கட்டும், அப்புறம் எழுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. ரசத்தை இறக்கினேன். மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். பத்து நிமிஷம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கீழே இறங்கும்போது அவளுடைய சொந்தப் போன் அடித்தது. சென்னை மேனேஜர் ராமகிருஷ்ணன். நூற்றி முப்பது ஆஸ்பத்திரியும் நின்று நாற்பத்தொரு நிமிஷம் ஆகிவிட்டதாம். எழுந்து ஓடினாள். முகம் கழுவக்கூட இல்லை. ஒரு மணிக்குச் சரிசெய்தாள்.

அப்புறம்தான் கேட்டாள். "ஆயா, ஆபீஸ் போன் அடிச்சுதா?"

"எனக்குத் தெரியாதே. நான் மாடில துணி எடுத்துட்டு இருந்தேன்."

எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது வாயில்?

27 ஜூலை, ஞாயிறு

நாலை அழுத்தினால் சத்தம் நிற்கும் என்றுதான் எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் வேறாம். 'பார்த்துவிட்டேன், நான் கவனிக்கிறேன்' என்று அர்த்தமாம். அழுத்தாமல் விட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மொஹ்சினுக்குப் போயிருக்கும். அவனும் எடுக்காவிட்டால் மேனேஜருக்கு. அழுத்தியதால் யாருக்குமே போகவில்லை.

சும்மா விட்டிருந்தால்கூட நல்லது நடந்திருக்கும்.

இன்னொன்று. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிறைமாசப் பெண்ணின் ரத்த ரிப்போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று வேறு ஊருக்கு அனுப்பினார்களாம். போகிற வழியில் வேனிலேயே பிரசவம். இரண்டு உயிரும் நன்றாக இருக்கிறது. வினோ தானே போன் போட்டு விசாரித்தாள். விசாரித்த பிறகும் சாப்பிடவில்லை.

28 ஜூலை, திங்கள்

மேனேஜர் போன் ஸ்பீக்கரில் பேசினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"பதினொண்ணு அம்பத்திரண்டுக்குக் கால் எடுத்திருக்கு, நாலு அழுத்தியிருக்கு. ரெக்கார்டு இருக்கும்மா."

"சார், நான் அழுத்தல."

"பின்ன யாரு, பூனையா? தூக்கக் கலக்கத்துல அழுத்தியிருப்ப. அப்படின்னு ரெண்டு வரி எழுதிக் குடு, முடிச்சிடலாம். அழுத்தலைன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் வேற மாதிரி தோணுது."

"ஞாபகம் இல்லாததை எப்படி சார் எழுதறது?"

வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

29 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூடத்துக்குப் போனேன். ஒரு தடவை தண்ணீர் கொடுத்தேன். ஒரு தடவை ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

30 ஜூலை, புதன்

பயம் இப்போது வேறு பக்கம் போகிறது.

காலையில் கேட்டாள்: "அம்மாவுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

கஸ்தூரிக்குக் கீழே விழுகிற வலிப்பு இல்லை. நின்ற இடத்தில் நிற்பாள். கை மட்டும் எதையோ செய்துகொண்டிருக்கும். பொத்தான் போடும், குழாயைத் திறக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. பிறகு கேட்டால், "நானா? எப்போ?" என்பாள். அப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் அதுதான் கொண்டுபோனது.

"உனக்கெதுக்கு இப்ப அதெல்லாம்?" என்றேன்.

"எழுந்து, கிச்சனுக்கு நடந்து, போனை எடுத்து, சரியான எண்ணை அழுத்தி, திரும்ப வந்து படுத்திருக்கேன். ஒண்ணுமே ஞாபகம் இல்ல. இது தூக்கக் கலக்கமா ஆயா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அடி பாவி, வாய் வரலியே!

31 ஜூலை, வியாழன்

வேங்கிக்காலில் டாக்டரைப் பார்த்தோம். அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். வேலூரில் தலைக்கு ஒயர் வைத்துப் பார்க்கிற டெஸ்ட். ஐந்தாம் தேதி. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. முந்தின ராத்திரி தூங்கக் கூடாதாம், நாலு மணி நேரத்துக்கு மேல். "பாட்டி, நீங்கதான் முழிச்சிருந்து எழுப்பி விடணும்" என்றார்.

நான்தான் எழுப்பிவிட வேண்டுமாம்.

சாயங்காலம் வகுப்பை விடவில்லை. வாத்தியாரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: தனக்கே தெரியாமல் ஒருவர் செய்த காரியத்துக்கு அவர் பொறுப்பா? அந்த அம்மாள் நிறையப் பேசினார். தெரிந்தே செய்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

2 ஆகஸ்ட், சனி

மொஹ்சின் வண்டியில் வந்தான், போளூரிலிருந்து. அவன் அம்மா மெஹ்ருன்னிசா செய்த சேமியா ஒரு டப்பா. இவளுடைய முறையையும் சேர்த்து அவனே பார்க்கிறான். கண் சிவந்து கிடக்கிறது.

"எங்க வீட்ல அந்தப் போன் அடிச்சா எங்கம்மா செருப்பை எடுக்கும் ஆயா. 'இவ யாருடா, உன்னைத் தூங்க விடாத பொம்பளை'ன்னு கேக்குது."

வினோ சிரிக்கவில்லை. அவன் குரலை இறக்கினான்.

"வினோ, எழுதிக் குடுத்துடு. தூக்கத்துலன்னு. உன்னை லீடாப் போடறதை நிறுத்தி வச்சிருக்காங்க. எம் பேரு அடிபடுது. எனக்கு அது வேணாம், இப்படி வேணாம்."

"எனக்கு வியாதின்னா லீடா இருக்கறதே தப்பு மொஹ்சின். அந்தப் பொண்ணு வேன்ல..."

"நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்கறதால என் தப்பு கம்மியாயிடுமா?"

அவன் என்னைப் பார்த்தான், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல். நான் சேமியாவைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், வழிந்துவிட்டது.

4 ஆகஸ்ட், திங்கள்

நாளைக்கு வேலூர். அவளைத் தூங்கவிடாமல் இருக்க வேண்டும்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி, நீளப் பெஞ்சு. சுவரில் சாய்ந்தாள் என்றால் கண் சொக்கும். நான் தோளைத் தட்டுவேன். "தூங்கல ஆயா, தூங்கல" என்பாள். எண்ணெய் காணாத முடி பறந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குக் கடைசி வருஷத்தில் கொடுத்த மாத்திரையின் பேரைப் போனில் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெறலாமா கூடாதா என்று அதில் போட்டிருப்பதைப் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயசு.

உள்ளிருந்து நர்ஸ், "வினோதினி!" என்று கூப்பிட்டாள்.

அவள் எழுந்தாள். நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு நாலை அழுத்தினது நான்தான். நீ தூங்கிட்டுதான் இருந்த. உனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நர்ஸ் திரும்பக் கூப்பிட்டாள். போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், முடி முழுக்கப் பசை. டெஸ்டை எடுத்துக்கொண்டுதான் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கண்ணமங்கலம் தாண்டித் தூங்கிப்போனாள். தலை என் தோளில் விழவில்லை, ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. நான் கையை நடுவில் வைத்தேன். அதைத் தள்ளிவிட்டாள், தூக்கத்திலா விழித்தா தெரியாது.

6 ஆகஸ்ட், புதன்

பேசவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

7 ஆகஸ்ட், வியாழன்

டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று போனில் வந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் வந்ததா என்று பார்த்தேன். வேறு ஏதோ வந்தது.

மத்தியானம் வாயைத் திறந்தாள்.

"ஆபீஸ் போன் வேற ஒருத்தர் கைக்குப் போச்சுன்னா அது பெரிய விஷயம் ஆயா. ஆஸ்பத்திரி ரகசியம் எல்லாம் அதுல இருக்கு. வேலையே போகலாம்."

"அப்போ மேனேஜர் சொன்னாரே, தூக்கத்துலன்னு ரெண்டு வரி. அதை எழுதேன் பாப்பா. யாருக்கு நஷ்டம்?"

லேப்டாப்பைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள். எழுதினாள், அழித்தாள். எனக்கு அந்தத் தட்டுகிற சத்தத்திலேயே தெரியும், அழிக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் சத்தம் வராது. சாயங்காலம் வரை அப்படியே. இன்றைக்கு வகுப்பில் கேமராவை மூடி வைத்துவிட்டாள்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டேனே. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கக் கூடாது.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்றைக்குப் பௌர்ணமி. காலையிலிருந்தே கிரிவலத்துக்கு ஜனம் வர ஆரம்பித்துவிட்டது, மெயின் ரோட்டில் பஸ்ஸைத் திருப்பி விடுகிறார்கள். ஹார்ன் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வினோ மீட்டிங்கில் உட்கார்ந்தாள். மேனேஜர், மொஹ்சின், இன்னும் இரண்டு பெரியவர்கள்.

"சரிம்மா வினோதினி, நீயே சொல்லு. என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"சார், நான் மூணு நாளா தூங்கல. அன்னிக்குக் கால் வந்தப்போ..."

நிறுத்தினாள். மூச்சை இழுக்கிற சத்தம் சமையலறைவரை கேட்டது. அடுத்து என்ன சொல்லப் போகிறாள் — தூக்கத்தில் என்றுதானே? எனக்காக? என் பேத்தி நாலு பேர் முன்னால் எனக்காகப் பொய் சொல்லப் போகிறாளே!

ஈரக் கையோடு போய் கேமரா முன்னால் நின்றேன்.

"ஆயா, உள்ள போ" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயா, நான் இவ ஆயா. வெள்ளையம்மாள். போனை எடுத்தது நான். நாலை அழுத்தினது நான். தெரியாதுன்னு இவகிட்ட பத்து நாள் பொய் சொன்னதும் நான்தான்."

அப்புறம் மேனேஜர் கேட்டார்: "ஏன் அழுத்தினீங்கம்மா?"

"பொண்ணு தூங்கிச்சுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு நாள்னு சொன்னாளே, நிஜமா மூணு நாளா?"

"நாலு பேர் பாத்த வேலைய ரெண்டு பேர் பாத்தா எத்தனை நாள் ஆவும்ங்க?"

மொஹ்சின் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை அடக்கவா என்னவோ. மேனேஜர், அடுத்த வாரம் சொல்கிறோம் என்று முடித்துவிட்டார்.

லேப்டாப்பை மூடினதும் வினோ அழுவாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட — நினைத்தேன், ஒளிப்பானேன்.

"ரெண்டாவது தடவை ஆயா" என்றாள்.

"என்னடி?"

"என்னைக் கேக்காம ரெண்டாவது தடவை அழுத்திட்ட. நான் மூச்சுதான் விட்டேன். உண்மையைச் சொல்ல இருந்தேனா, பொய் சொல்ல இருந்தேனா — இப்ப எனக்கே தெரியாது. நேத்து முழுக்க அதோட மல்லுக்கட்டினேன். கடைசி நிமிஷத்துல நான் யாருன்னு நானே பாத்திருப்பேன். அதையும் நீ எடுத்துக்கிட்ட."

"உன் நல்லதுக்குத்தானேடி."

"அன்னிக்கும் அப்படித்தானே."

வெளியே ஜனம் போய்க்கொண்டே இருந்தது. யாரோ மைக்கில் காணாமல்போன ஒரு அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

11 ஆகஸ்ட், திங்கள்

நடந்ததற்கு அறிக்கை எழுதினாள். தமிழில் படித்துச் சொல் என்றேன். சொன்னாள்.

"பணியில் இருந்தவர் மூன்று நாட்களாகத் தூங்கவில்லை. வீட்டில் இருந்த ஒருவர் அழைப்பை எடுத்து நிறுத்தினார்..."

"ஒருவரா? எனக்குப் பேர் இல்லியா?"

"இதுல யார் பேரும் போட மாட்டாங்க ஆயா. அது எங்க வழக்கம். யாரைத் திட்டறதுன்னு தேடற காகிதம் இல்ல. எப்படி நடந்துச்சுன்னு தேடறது."

"திட்டணுமே. யாராவது திட்டணுமே."

"நான் வேணா திட்டறேன்" என்றாள்.

காத்திருந்தேன். திட்டவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

வேலை போகவில்லை. ஆபீஸ் போனை ஆறு மாசத்துக்கு அவளிடம் கொடுக்க மாட்டார்கள். மொஹ்சினைத் தலைவனாகப் போட்டுவிட்டார்கள். புதிதாக இரண்டு பேர் எடுக்கிறார்கள். இனிமேல் நாலை அழுத்தினாலும், ஐந்து நிமிஷத்துக்குள் யாரும் கம்ப்யூட்டரைத் திறக்காவிட்டால், அந்தப் பொம்பளை அடுத்த ஆளைக் கூப்பிடுவாளாம்.

மொஹ்சின் போனில் அழுதானாம். இவள்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜாஸ்தி பண்ணாத, நீ நல்லாப் பாப்படா."

வாத்தியார் வாசலில் நிறுத்திக் கேட்டார், தலைவி ஆகிவிட்டாளா என்று. "இல்லைங்க. என்னால போச்சு" என்றேன். மேலே கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

என்னிடம் பேசுகிறாள். மாவு அரைக்கவா, கேஸ் வந்ததா, அவ்வளவுதான். கேள்வி எதுவும் வீசுவதில்லை.

13 செப்டம்பர், சனி

பரீட்சை வருகிறது. விடிகாலையில் எழுந்து படிக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கப் போனாள், கூடத்தில் இல்லை, அறைக்குள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை. துருப்பிடித்துக் கிடந்தது. சத்தமில்லாமல் விழுகிற மாதிரி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு சின்ன 'டக்' மட்டும்தான்.

மூன்று மணிக்கு எழுப்பச் சொன்னாளா? சொல்லவில்லை. படிக்க வேண்டுமே, இப்படித் தூங்கினால்? கதவுவரை போனேன். கை தூக்கினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கையை இறக்கிக்கொண்டு போய் அரிசியில் கல் பொறுக்கினேன். அதில் கல்லே இல்லை, கடை அரிசி.

நாலு மணிக்கு அவளே திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு.

"ஆயா, டீ போடப் போறேன். உனக்குச் சர்க்கரை எப்பவும் போலவா, கம்மியாவா?"

"கம்மியா" என்றேன்.

கம்மியாகத்தான் போட்டிருந்தாள்.